கியோட்டோ அரண்மனையில் சொன்ன பெயர்

லண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கிடக்கும் கோலத்தைப் பார்த்தால், மழைக்கு ஒதுங்க ஓடிவந்தவர்கள் கழற்றி எறிந்தவை என்றுதான் தோன்றும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, குப்பையைத் தொட்டியில் போட வெளியே வந்தேன். எல்லாச் செருப்புகளும் சோடி சோடியாக, நுனி தெருவைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. தோட்ட வேலைக்கு நான் போடும் வார் அறுந்த செருப்புக்கும் அந்த மரியாதை கிடைத்திருந்தது. என் மகன் கதிர், தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை முதல்முறை வீட்டுக்கு அழைத்து வந்திருந்த நாள் அது. அவள் பெயர் ஹருகா. ஊர் கியோட்டோ. கதிர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபிஸ்ட். என் மனைவி வதனி சமையலறைக்குள் என்னை இழுத்து, "இந்தப் பிள்ளை எங்களை வெளியில போகச் சொல்லுதோ?" என்று காதுக்குள் கேட்டாள். பிறகு ஹருகாவே விளக்கினாள். போகிறவர்கள் குனிந்து தேடாமல் அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம், அதற்காகத்தான் என்றாள். வந்தவர்களை வரவேற்கும் பழக்கம் நமக்குண்டு. புறப்படப்போகிறவர்களின் காலை முன்கூட்டியே நினைக்கும் பழக்கத்தை அன்றுதான் பார்த்தேன்.

மலேசியாவில், ஈப்போவில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் அந்தப் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். படிக்க லண்டனுக்கு வந்து, படித்து முடித்து, வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவன். வதனி அகதியாக வந்தவள். நான் மாணவனாக வந்தவன். "நீங்கள் சூட்கேசோட வந்தனீங்கள், நாங்கள் உயிரோட வந்தனாங்கள்" என்று சண்டை வரும்போது சொல்வாள். எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் ஓடும். கதிர் இரண்டையும் கலந்து, மீதியை ஆங்கிலத்தால் நிரப்பிப் பேசுவான்.

மகனுக்குக் கல்யாணம் என்று ஈப்போவில் இருக்கும் லெச்சுமி அக்காவுக்குப் போன் செய்தேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண் என்ன ஆள் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஜப்பான்காரியா?"

"ஆமாக்கா."

"ஒலகத்துல வேற நாடே கெடைக்கலியாடா ஒன் மவனுக்கு?"

"அந்தப் பொண்ணு என்னக்கா செஞ்சுச்சு? அதுக்கு முப்பது வயசுகூட ஆவல."

"அது ஒண்ணும் செய்யல. அது நல்லா இருக்கட்டும். நான் வரமாட்டேன். என்னைக் கூப்புடாத."

அக்கா கோபக்காரி அல்ல. அதனால்தான் அந்தப் பதில் எனக்குள் இறங்கிக் கனத்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலத்தில் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் அண்ணன் முனியாண்டிக்கு இருபது ஆகவில்லை. ஊருக்குள் காசில்லாமல் படம் காட்டுகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று தமுக்கடித்தார்களாம். படம் பார்க்கப் போன இளவட்டங்களை அப்படியே லாரியில் ஏற்றிச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா திரும்பவில்லை. எங்கே செத்தார், எரித்தார்களா, புதைத்தார்களா, ஆற்றில் விட்டார்களா, எதுவும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் பலர். எந்த வீட்டுக்கும் ஒரு தகவல் வரவில்லை.

போன அண்ணனுக்காக அழக்கூட நேரம் கொடுக்காமல், மிச்சம் இருந்தவர்களைத் தினமும் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிறுத்தி, கிழக்கே ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து கும்பிட வைத்தார்கள். ஒருநாள் சாலைக் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு அப்பா சரியாகக் குனியவில்லை என்று அறைந்து, வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் போன பிறகு அப்பா யாருக்கும் குனியவில்லை. வெள்ளைக்காரத் துரை முன்னால் எல்லாக் கழுத்தும் வளையும்போது அப்பாவின் கழுத்து மட்டும் நிமிர்ந்திருக்கும். அவருக்கு வரவேண்டிய கங்காணி வேலை அதனாலேயே வேறொருவருக்குப் போனது என்று அக்கா சொல்வாள். கோயிலிலும் அப்படித்தான். பூசாரி விபூதி வைக்க வந்தால் தலையைத் தாழ்த்தமாட்டார், கையை நீட்டி வாங்கித் தானே பூசிக்கொள்வார். திமிர் பிடித்தவர் என்று ஊர் சொன்னது. இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித் தெரிந்தது. அப்பா என்னிடம் பேசியதைவிட அவளிடம் பேசியதுதான் அதிகம்.

பெண்ணின் தந்தையைப் பார்க்க இலையுதிர் காலத்தில் நாங்கள் நால்வரும் கியோட்டோவுக்குப் போனோம். விமானத்தில் வதனி என்னிடம் ஒரு வாக்குறுதி வாங்கினாள். "கலியாணம் பேசப் போற இடத்தில செத்தவீட்டுக் கதை எடுக்காதேங்கோ. ஓமோ?" ஹருகாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. கதிருக்குத் தெரிந்ததும் ஒரு வரிதான். நான் தலையாட்டினேன்.

ஹருகாவின் தந்தை மொரிமோத்தோ ரயில் நிலையத்துக்கே வந்திருந்தார். ஒல்லியான மனிதர். ஹருகாவின் தாய் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைக் கண்டதும் இடுப்பிலிருந்து வளைந்து ஆழமாகக் குனிந்தார். வதனி கைகூப்பினாள். கதிர் பழகியவனைப்போல் தானும் குனிந்தான். என்னால் முடியவில்லை. யோசித்துச் செய்த முடிவு அது என்று சொல்லமாட்டேன். பின்கழுத்தில் எதுவோ பிடித்துக்கொண்டது. கையை நீட்டினேன். அவர் நிமிர்ந்து, என் கையைக் கவனித்து, இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். ஆனால் ஹருகா என் முகத்தைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது.

மறுநாள் அவர் எங்களைப் பழைய அரண்மனைக்கு அழைத்துப் போனார். கோஷோ என்கிறார்கள். அவர் வீட்டுக்கு எதிரே அதன் வெளித்தோட்டம். தினமும் காலையில் அங்கேதான் நடப்பாராம். பிரித்தானிய மன்னர்களின் மாளிகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அரண்மனையாகவே தெரியவில்லை. தங்கம் இல்லை, சிலை இல்லை, வெற்றித் தூண் இல்லை. அகலமான சரளைக்கல் வீதிகள், பைன் மரங்கள், மண்ணால் எழுப்பி ஓடு வேய்ந்த நீண்ட மதில். மதிலில் குறுக்காக வெள்ளைக் கோடுகள். சரளையில் நடப்பது கஷ்டம், ஒவ்வொரு அடிக்கும் கல் நறநறக்கிறது. சைக்கிள்காரர்கள் மட்டும் ஒருவர் போன தடத்திலேயே மற்றவரும் போய்ப்போய், அந்தப் பெரிய வீதியின் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை உண்டாக்கி வைத்திருந்தார்கள். எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் கல்லுக்குள் இறங்க வேண்டும். இறங்கினார்கள், தலையசைத்தார்கள், போனார்கள்.

வதனி மதிலைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் அதன் ஓரத்து வாய்க்காலை நெருங்கினாள். உடனே எங்கிருந்தோ அலாரம் அலறியது. அதைத் தொடர்ந்து ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். வதனி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கையைத் தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவள் வளர்ந்த இடத்தில் ராணுவச் சோதனைச்சாவடிகள் அந்தக் கைகளுக்கு அதைப் பழக்கியிருந்தன. மொரிமோத்தோ அவசரமாக வந்து ஏதோ சொன்னார். "இங்கே எல்லோருக்கும் இது அடிக்கும், பூனைக்குக்கூட அடிக்கும் என்கிறார் அப்பா" என்று ஹருகா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். கதிர் சிரித்தான். வதனி சிரிக்கவில்லை. கை இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்வாசலில் பையைச் சோதித்து, கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். காசு கேட்கவில்லை. எந்தக் கட்டடத்துக்குள்ளும் போக முடியாது, வெளியே நின்று பார்க்கலாம். வெள்ளைச் சரளை பரப்பிய பெரிய முற்றம். அதன் தலைமாட்டில் மரப்பட்டைகளை அடுக்கி வேய்ந்த கனத்த கூரையுடன் சக்கரவர்த்திகள் முடிசூடிய மண்டபம். அதன் படிகளுக்கு ஒருபக்கம் செர்ரி மரம், மறுபக்கம் நாரத்தை போல ஒரு மரம். மண்டபத்துக்குள் இருட்டாக இருந்தது. அந்த முற்றத்தின் முன்னால் நின்றபோது எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் இருட்டு விலகாத களத்தில் இந்த மண்டபத்தைப் பார்த்துக் குனிந்து நிற்கிறான். பார்க்காத ஒன்றைப் பார்த்து.

"சண்டைக் காலத்தில் சக்கரவர்த்தி இங்கேதானே இருந்தார்?" என்று ஹருகாவிடம் கேட்டேன்.

அவள் கேட்டாள். மொரிமோத்தோ கையை முகத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை. அந்தச் சக்கரவர்த்தியின் தாத்தா காலத்திலேயே தோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். சண்டைக் காலத்தில் இங்கே யாரும் குடியிருக்கவில்லை. பிறகு சின்னதாகச் சிரித்தபடி இன்னொன்றும் சொன்னார். கியோட்டோக்காரர்கள் அதை முழுசாக ஒத்துக்கொள்வதில்லையாம். தலைநகரத்தை மாற்றுகிறேன் என்று முறையாக ஒரு அறிவிப்பும் செய்யவில்லை, அவர் சும்மா வெளியே போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்த கோபத்தைத் தூக்கிக்கொண்டு நான் தவறான வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களைப்போலவே, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிப் போய்த் திரும்பாத ஒருவரின் வீடு. கூட்டிப் பெருக்கி, கூரை மாற்றி, வெறுமையாக வைத்திருக்கிறார்கள்.

குளக்கரைத் தோட்டத்தைச் சுற்றி வெளியே வந்து ஒரு பைன் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பேசாமல் இருந்ததை மொரிமோத்தோ கவனித்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு இந்த இடம் பிடிக்கவில்லையா என்று அப்பா கேட்கிறார், மாமா," என்றாள் ஹருகா. மாமா என்ற சொல்லைக் கதிர் அவளுக்குப் பழக்கியிருந்தான்.

வதனி என் முழங்கையைத் தொட்டாள். ஆனாலும் சொன்னேன். சத்தம் உயர்த்தவில்லை. தோட்டம், காலைக் கும்பிடு, அப்பா வாங்கிய அறை, படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டது, லாரி, சயாம். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, ஹருகா தன் தந்தையிடம் திருப்பிச் சொன்னாள். இந்தக் கதையை அவளே அப்போதுதான் முதல்முறை கேட்கிறாள். கேட்ட வேகத்தில் தன் வாயாலேயே அதைச் சொல்லவும் வேண்டியிருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, "விரும்பிப் போனவர்களா, பிடித்துக்கொண்டு போனார்களா? அப்பாவுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்" என்று கேட்டாள். "பிடித்துக்கொண்டு போனார்கள்" என்றேன். அவள் குரல் தணிந்தது. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை என்றே நினைக்கிறேன். கதிர் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

மொரிமோத்தோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இப்போது எழுந்து குனியப்போகிறார் என்று எண்ணினேன். அவர் எழவில்லை. ஏதோ கேட்டார்.

"அவர் பெயர் என்ன என்று கேட்கிறார்," என்றாள் ஹருகா.

"யார் பெயர்? என் அப்பா பெயரா?"

"இல்லை மாமா. திரும்பி வராதவர் பெயர்."

"முனியாண்டி."

"முனி... யாந்தி."

"யாண்டி."

அவர் மீண்டும் சொன்னார். நாக்கு மடியவில்லை. வகுப்பில் தவறாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப்போல விடாமல் சொல்லிப் பார்த்தார், ஏறக்குறையச் சரியாக வரும்வரை. பிறகு மகளிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். அவள் தயங்கி, அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னாள்: "எனக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நானும் வாத்தியாராக இருந்தேன், நானும் யாருக்கும் சொல்லவில்லை."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அதை நான் எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மை. வராதபோது ஏமாற்றமும் இருந்தது. ஆனால் எழுபது எண்பது ஆண்டுகளில் எங்கள் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பெரியப்பாவின் பெயரைக் கேட்டது அதுவே முதல்முறை. மலாயாவில் கேட்கவில்லை, எல்லாவற்றையும் அருங்காட்சியகமாக்கும் லண்டனிலும் கேட்கவில்லை.

பிள்ளைகள் தேநீர் வாங்கப் போனார்கள். வதனி எழுந்து மதில் பக்கம் போய் நின்றாள். இம்முறை வாய்க்காலுக்குத் தள்ளியே நின்றாள். நானும் போனேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"கோவமா? வாக்கு மீறிட்டேன்."

"கோவம் இல்லை. அந்த மனிசன் பேர் கேட்டார் பாத்தீங்களோ? எங்கட குகனை ஏத்திக்கொண்டு போனாப்பிறகு எத்தினை அரசாங்கக் கந்தோருக்கு அம்மா அலைஞ்சவ. நம்பர் கேட்டவங்கள், அடையாள அட்டை கேட்டவங்கள். பேரைச் சொன்னா ஒருத்தரும் நிமிந்து பாக்கேல்லை."

குகன் அவளுடைய தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும். நாங்கள் கல்யாணம் செய்தபோது அவன் படத்தை என்னிடம் காட்டினாள். அதன்பிறகு அவன் பெயரை அவள் வாயால் கேட்டது குறைவு.

அவள் திடீரென்று என்னை விட்டுவிட்டு, சரளைக்கல்லில் தடுமாறி நடந்து பெஞ்சுக்குப் போனாள். மொழிபெயர்க்க ஆள் இல்லை. மொரிமோத்தோவின் முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்து, "குகன்" என்றாள். "குகன்" என்று மறுபடியும் சொன்னாள். அவர் எழுந்து நின்று, மெதுவாகத் தலை தாழ்த்தி, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, "குகன்-சான்" என்றார். இந்தப் பெயர் அவருக்குச் சிக்கவில்லை, சுத்தமாக வந்தது.

அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் விஷயம் புரிந்தது. தெருவைக் கடக்கையில் அவர் வதனியைப் பார்த்து, "குகன்-சான்" என்று அழைத்துச் சைக்கிள் வருவதைக் காட்டினார். நெஞ்சில் கை வைத்துச் சொன்னதால், வதனியின் பெயரே அதுதான் என்று நினைத்துவிட்டார். நான் ஹருகாவைக் கூப்பிட வாயெடுத்தேன். வதனி தடுத்தாள்.

"திருத்த வேண்டாம்."

"அவர் உன்னை..."

"தெரியும். விடுங்கோ. எத்தினை வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். நான் திரும்பிப் பாக்கிறன். அவ்வளவுதானே."

அதன்பின் கியோட்டோவில் இருந்த நாளெல்லாம் அவள் குகன்-சான் ஆகவே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும், குளிருக்குப் போர்வை கொடுத்தபோதும். கதிருக்கும் ஹருகாவுக்கும் நான்தான் தனியே விளக்கினேன். கதிர் போய்த் தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

லண்டனுக்குத் திரும்பியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். அரண்மனையில் நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்லக்கா. பெரியப்பா பேரக் கேட்டாரு."

"என்னான்னு சொன்ன?"

"முனியாண்டின்னு."

அக்கா பெருமூச்சு விட்டாள். "அது பெரட்டுல கூப்புடறதுக்குத் தோட்டத்து ஆபீசுக் கிராணி எழுதுன பேருடா. வீட்டுல அவரு பேரு ராசு. அப்பா கடைசியா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ராசு, ராசுன்னுதான் கூப்ட்டாரு. நீ அப்ப லண்டன்ல இருந்த, ஒனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். எங்கள் வீட்டு இழப்பின் பிரதிநிதியாக அந்த முற்றத்தில் நின்றவனுக்கு, இழந்தவரின் வீட்டுப் பெயர் தெரிந்திருக்கவில்லை. மறுமுனையில் அக்காவின் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"தப்பான பேர அந்தாளுகிட்ட விட்டுட்டு வந்திருக்க," என்றாள் அக்கா கடைசியில். "டிக்கட்டு போடு. நான் வந்து சொல்றேன்."

சித்திரையில் கல்யாணம். அக்காவும் மொரிமோத்தோவும் ஒரே நாளில் ஹீத்ரோவில் இறங்கினார்கள். ஜப்பானியக் கடவுச்சீட்டைக் காட்டி மொரிமோத்தோ இயந்திர வாசல் வழியாகச் சடுதியில் வந்துவிட்டார். மலேசியக் கடவுச்சீட்டுக்கு அந்த வாசல் திறக்காது. அக்கா நீண்ட வரிசையில் நின்று வரத் தாமதமானது. அவ்வளவு நேரமும், உட்காருங்கள் என்று ஹருகா சொல்லியும் கேட்காமல், மொரிமோத்தோ என் பக்கத்தில் நின்றே காத்திருந்தார். அக்கா வந்தாள். அவர் குனிந்தார். அக்கா நிமிர்ந்தே நின்றாள். பிறகு பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "ரா-சு" என்றாள். ஹருகா முந்திக்கொண்டு தந்தைக்கு விளக்கினாள். அவர் சொன்னார். ஒரே தடவையில் சரியாகச் சொன்னார். அக்கா தலையசைத்துவிட்டுத் தன் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு நடந்தாள்.

கல்யாண மண்டபத்தில் அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேச மொழியும் இல்லை. ஆனால் பந்தியில் அக்கா அவர் இலையைக் கவனித்துக்கொண்டாள். ரசத்தை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் அவர் விழித்தபோது, ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தாள். நடுவே அவர் மண்டபத்தின் மறுகோடியைப் பார்த்து, "குகன்-சான்" என்று உரக்கக் கூப்பிட்டார். எட்மண்டனில் இருந்து வந்திருந்த வதனியின் சித்தி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள். வதனி சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு, வாறன் என்று கைகாட்டியபடி அவரை நோக்கி நடந்தாள்.

அக்காவும் மொரிமோத்தோவும் தத்தம் ஊருக்குத் திரும்பிப் போனதும் வீடு அமைதியானது. அடுத்த நாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது வதனி மாடிப்படியில் நின்று, "எங்கட ஆக்கள் வீட்டை போய்ச் சேர்ந்திட்டினமோ?" என்று கேட்டாள். எந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து, சேர்ந்துவிட்டார்கள் என்றேன். பிறகு வழக்கம்போல போனில் வானிலை பார்த்தேன். ஈப்போவில் இடியுடன் மழை, யாழ்ப்பாணத்தில் வெயில், புதிதாகச் சேர்த்திருந்த கியோட்டோவில் தூறல். குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்து, ஸ்டேஷனுக்குப் பாதித் தூரம் போனபிறகுதான் தெரிந்தது, வெம்பிளியில் வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அந்தத் தெருவில் குடை விரித்து நடந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.